கப்பல் விருந்தும் செஞ்சோற்றுக் கடனும்

பரிசில் பெற்ற புலவன் புரவலனைப் பாடுதல் தமிழ் மரபில் குற்றமாகக் கருதப்பட்டதன்று. கரிகாலனின் அரண்மனையில் இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லையை உழுத கொழுவைப் போலத் தன் பல் மழுங்கிப் போனதைப் பொருநராற்றுப்படையின் பொருநன் பெருமிதத்தோடு சொல்கிறான். யவனர் கப்பலில் கொணர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, அதனைப் பருகி இனிது வாழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரனார் வாழ்த்துகிறார். உண்ட சோற்றுக்கு நன்றியாகப் பாட்டுப் பிறந்தது; இன்னார் தந்தார், இன்னார் உண்டார் என்பது பாட்டிலேயே இருந்தது. ஆயினும் அதே மரபில் பெருஞ்சித்திரனாரும் இருக்கிறார். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமல் பரிசில் கொடுத்தனுப்பியபோது, பொருளுக்குப் பாட்டை விற்க வந்தவர் தாம் அல்லர் என்று அவர் மறுத்துவிட்டார். உண்பவனுக்கும் பாடுபவனுக்கும் இடையே ஒரு கோடு உண்டென்பதை அப்புலவர் அறிந்திருந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் ஒரு புதுவகைப் புரவலர் தோன்றினார். நீராவிக் கப்பல் நிறுவனங்களே அப்புரவலர். அஞ்சல் சுமப்பதற்கு அரசு தந்த பணத்தில் காலூன்றிய இந்நிறுவனங்கள், தம் கப்பல்களில் அலுவல் காரணமாகச் செல்வோரையன்றி, இன்பம் தேடிச் செல்வோரையும் ஏற்ற விரும்பின. கடல் என்றதும் குமட்டலையும் புயலையும் உப்பிட்ட இறைச்சியையும் நினைத்த மக்களுக்கு, அங்கே நல்ல மேசையும் நல்ல மதுவும் நல்லோர் கூட்டமும் உண்டென்று யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல வல்லவர் எழுத்தாளர். ஆகவே, உல்லாசக் கப்பற்பயணத்தின் வரலாறு பெரும்பகுதி எழுத்தாளர் உண்ட சோற்றின் வரலாறாகவும் அமைந்தது. யாருடைய சோற்றை யார் உண்டார், உண்டபின் எதை எழுதினார், எதை எழுதாது விட்டார் என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

முதலில், தம் கட்டணத்தைத் தாமே செலுத்திய ஒருவரைக் காண்பது நலம். சார்லஸ் டிக்கன்ஸ் 1842 சனவரியில் குனார்டு நிறுவனத்தின் ‘பிரிட்டானியா’ கப்பலில் லிவர்பூலிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 29. அக்கப்பல் இன்பச் சுற்றுலாக் கப்பலன்று. அட்லாண்டிக்கைக் கடக்கும் அஞ்சற் கப்பல். ஆனால் அக்காலத்தில் அதைவிடச் சிறந்தது பெரிதும் இல்லை. நிறுவனத்தின் விளம்பரப் படத்தில் அகன்று விரிந்து தோன்றிய உணவுக்கூடம், நேரில் பார்க்கும்போது சன்னல் வைத்த ஒரு பெரிய சவவண்டியாகவே அவர் கண்ணுக்குப் பட்டது. தம் அறையின் சிறுமையைப் பற்றி அவர் எழுதியிருப்பதைச் சிரிக்காமல் படிக்க இயலாது. அதே ஆண்டு வெளிவந்த ‘அமெரிக்கக் குறிப்புகள்’ என்னும் நூலில் கப்பலின் உணவும் உள்ளவாறே பதிவாகியிருக்கிறது. பகல் ஒரு மணிக்கு மணியடிக்கும். சுட்ட உருளைக்கிழங்கும் வாட்டிய ஆப்பிளும் வரும். பன்றித்தலை இறைச்சியும் உப்பிட்ட மாட்டிறைச்சியும் வரும். மாலை ஐந்து மணிக்கு மறுபடியும் கிழங்கு, இம்முறை வேகவைத்தது. முடிவில் சற்றே பூஞ்சணம் பிடித்த பழங்கள். பிறகு திராட்சை மதுவும் நீர் கலந்த பிராந்தியும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலமாதலின், பாலுக்கென ஒரு பசுவையே அக்கப்பலில் ஏற்றிச் சென்றனர்.

அந்நூலில் ஒரு புயலிரவு வருகிறது. அச்சத்தால் நிலைகுலைந்திருந்த தம் மனைவிக்கும், உடனிருந்த ஸ்காட்லாந்துப் பெண்மணிக்கும், பணிப்பெண்ணுக்கும் ஆறுதலாக ஒரு குவளையில் நீர் கலந்த சூடான பிராந்தியை எடுத்துச் செல்கிறார் டிக்கன்ஸ். கப்பல் ஒருபுறம் சாய்கிறது; நீண்ட இருக்கையில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டிருந்த பெண்கள் மறுகோடிக்குச் சறுக்கிப் போகின்றனர். அவர் அங்கே எட்டுவதற்குள் இக்கோடிக்கு வந்துவிடுகின்றனர். கால் மணி நேரம் போல இவ்வாறு ஓடித் துரத்தி, கடைசியில் அவர்களைப் பிடித்தபோது குவளையில் மிஞ்சியது ஒரு தேக்கரண்டி அளவே. கடல்வழிப் பயணத்தின் வளர்ச்சி பற்றி வரலாற்று நூல்கள் தரும் அட்டவணைகளைக் காட்டிலும் இந்த ஒரு தேக்கரண்டி பிராந்தி அக்காலக் கப்பலை நன்கு காட்டிவிடுகிறது.

பயணம் முடிந்தபின் பயணிகள் தமக்குள் பணம் திரட்டிக் கப்பல் தலைவருக்கு வெள்ளிக்கலம் பரிசளித்தனர். அம்முயற்சியில் டிக்கன்ஸும் முன்னின்றார். பரிசில் தந்தவர் பயணி, பெற்றவர் கப்பல் தலைவர் என்பது குறிப்பிடத்தக்கது. திரும்பும்போது அவர் நீராவிக் கப்பலை நாடாமல் பாய்க்கப்பலில் ஊர் சேர்ந்தார். அவ்வாறு செய்ய அவருக்கு உரிமை இருந்தது. யாருக்கும் அவர் கடன்படவில்லை.

இரண்டே ஆண்டுகளில் கொடுக்கல் வாங்கல் திசை மாறியது. கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் இதழ்களுக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த வில்லியம் மேக்பீஸ் தாக்கரே, 1844 ஆகஸ்டில் ஒரு மன்றத்தில் நண்பர்களோடு விருந்துண்டார். பெனின்சுலர் அண்டு ஓரியண்டல் நிறுவனம் மத்தியதரைக் கடலைச் சுற்றிவரக் கப்பல்களை இணைத்து ஒரு பயணம் ஏற்பாடு செய்திருந்தது. அதில் செல்லவிருந்த நண்பர் ஒருவர் இவரையும் அழைத்தார். நிறுவனத்தார் கட்டணமின்றி ஓர் இடம் தர முன்வந்தனர். ஓரிரு நாளில் மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டார் தாக்கரே. ‘லேடி மேரி வுட்’, ‘டேகஸ்’, ‘ஐபீரியா’ என மூன்று கப்பல்கள். லிஸ்பன், காடிஸ், ஜிப்ரால்டர், மால்டா, ஏதென்ஸ், கான்ஸ்டாண்டிநோபிள், எருசலேம், கெய்ரோ என ஊர்கள். அந்நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளில் பயணக் கட்டணத்திலேயே உணவும் மதுவும் அடங்கியிருந்தன. கட்டணமே இல்லாதவருக்கு அவை முழு விருந்தாயின.

இப்பயணத்தின் பயனாக 1846இல் அவர் வெளியிட்ட நூல் எம்.ஏ. டிட்மார்ஷ் என்னும் புனைபெயரைத் தாங்கி, அந்நிறுவனத்தின் கப்பல் தலைவர் ஒருவருக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது. இலவசமாகச் சென்றதை முன்னுரையில் அவர் மறைக்கவில்லை. இது அவரது நேர்மை. நூலும் சுவையானது. ஏதென்ஸ் நகரத்தைக் கண்டு பரவசப்பட மறுக்கிறார். தம் கடல்நோயைத் தாமே கேலி செய்கிறார். பதவி உயர்வு கிட்டாமலே முதுமையடைந்து, கப்பலில் அஞ்சல் மூட்டைகளுக்குக் காவலாக வரும் கடற்படை அதிகாரி ஒருவரை ஈரநெஞ்சோடு வரைந்து காட்டுகிறார். ஆனால் கேலி எத்திசையில் பாய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். யாப்பா துறைமுகத்தை நோக்கிச் சென்றபோது, எருசலேமுக்குப் புனிதப் பயணம் போகும் ஏழை யூதர்கள் நூற்றுக்கணக்கில் கப்பலின் மேல்தளத்தில் வெயிலிலும் பனியிலும் கிடந்தனர். அவர்கள் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக, தம் கைப்பணத்தைக் கட்டி ஏறியவர்கள். அவர்களுடைய அழுக்கைப் பற்றித் தாக்கரே எழுதியுள்ள வரிகள் இரக்கமற்றவை. கட்டணம் கட்டிய பயணி இகழப்படுகிறான். கட்டாத பயணி கப்பல் தலைவருக்கு நூலைக் காணிக்கையாக்குகிறார். நிறுவனம் இவ்வாறு எழுதுமாறு கேட்டிருக்கும் என எண்ண இடமில்லை. கேட்க வேண்டிய தேவையே இராது. மேசையருகில் அமர்ந்தவன் மேசையின் பக்கத்திலிருந்தே மேல்தளத்தைப் பார்க்கிறான்.

அக்காலத்திலேயே இது பேச்சுக்கு இடமாயிற்று. ஸ்காட்லாந்தில் காசுக்கு ஆள் கடத்தும் படகில் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்து, பயணிகளுக்குப் பிடில் வாசித்துச் சில்லறை பெறும் குருட்டுக் கலைஞனோடு தாமஸ் கார்லைல் தாக்கரேயை ஒப்பிட்டார். இதனைச் சார்லஸ் கேவன் டஃபி தம் கார்லைல் உரையாடல் நூலில் பதிந்திருக்கிறார். தாக்கரே இதனால் மனம் புண்பட்டார். தமிழ் படித்தோர்க்கு அவ்வுவமையில் ஒரு பாணனின் சாயல் தோன்றும். கார்லைலுக்கு அது வசவு; சங்கப் பாணனுக்கோ அது வாழ்க்கை. பாணன் யாழை மறைத்துக்கொண்டு வழிப்போக்கன் போல நடித்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து வருபவர் மார்க் ட்வெயின். 1867 சூன் 8ஆம் நாள் நியூயார்க்கில் ‘குவேக்கர் சிட்டி’ என்னும் சக்கரத் துடுப்புக் கப்பலில் பயணிகள் ஏறினர். அமெரிக்காவிலிருந்து பழைய உலகத்துக்குச் சென்ற இன்பப் பயணங்களுள் முன்னோடி அது. ஐந்து திங்களுக்கு மேல் நீடித்தது. கட்டணம் 1,250 டாலர். பணம் இருந்தால் மட்டும் போதாது. குழு ஒன்று விண்ணப்பத்தைப் பார்த்துத் தகுதியுடையோரைத் தேர்ந்தெடுக்கும் என்று அறிவித்திருந்தனர். புகழ்பெற்ற சமயச் சொற்பொழிவாளர் ஹென்றி வார்ட் பீச்சரும் படைத்தலைவர் ஷெர்மனும் உடன் வருவர் என்னும் செய்தியே பலரை ஈர்த்தது. இருவரும் வரவில்லை. இரவுதோறும் வழிபாட்டுக் கூட்டம் நடத்தும், நடுவயதைக் கடந்த பெருங்குடிப் பக்தர்களே மிகுதியாக வந்தனர். முப்பத்தொரு வயது ட்வெயினும் அவருக்கு ஒத்த சிலரும் ஓர் அறையில் கூடிப் புகைத்தும் குடித்தும் சீட்டாடியும் இரவைக் கழித்தனர்.

ட்வெயினின் கட்டணத்தைச் செலுத்தியது சான்பிரான்சிஸ்கோவின் ‘டெய்லி ஆல்டா கலிபோர்னியா’ நாளிதழ். ஐம்பது மடல்கள் எழுத வேண்டும். மடலொன்றுக்கு 20 டாலர். இங்கே புரவலர் கப்பலுக்கு வெளியே இருக்கிறார். இந்த ஓர் அடி விலகல் எழுத்தில் எவ்வளவு மாறுதலைச் செய்துவிடுகிறது! சக பயணிகள் முதன்முறையாக நூலின் நடுவே வந்து அமர்கின்றனர். அவர்களுடைய பக்தி, பகட்டு, அறியாமை, புனிதக் கல்லைச் சுத்தியால் பெயர்த்துப் பையிலிடும் ஆசை எல்லாம் நகைப்புக்கு உள்ளாகின்றன. கப்பல் காப்பியும் தப்பவில்லை. மூன்று வாரமாகக் காப்பி கெட்டுக்கொண்டே வந்து, கடைசியில் நிறமிட்ட வெந்நீராகவே ஆகிவிட்டதென்று சினங்கொண்ட பயணி ஒருவர், கோப்பையோடு கப்பல் தலைவரிடம் சென்று முறையிடுகிறார். அவர் ஒரு வாய் பருகிப் பார்த்துவிட்டு, காப்பி என்றால் இது மட்டந்தான், தேநீர் என்றால் மோசமில்லை என்கிறார். பயணி கையில் இருந்தது தேநீரே. காப்பியும் கேலிக்குள்ளாகிறது, குறைசொன்னவரும் கேலிக்குள்ளாகிறார். கப்பல் தலைவர் மட்டும் பிழைத்துக்கொள்கிறார்.

நவம்பர் 19இல் கரையிறங்கிய கையோடு ‘நியூயார்க் ஹெரால்டு’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, அவ்வின்பப் பயணத்தைப் பிணம் மட்டும் இல்லாத சவ ஊர்வலமாக வருணித்தது. உடன் வந்தோர் கொதித்தெழுந்தனர். அவர்களிலும் ஒருவர் விலக்கு: கிளீவ்லாந்து நகரத்துப் பத்திரிகை உரிமையாளர் ஒருவரின் மனைவி மேரி மேசன் ஃபேர்பேங்க்ஸ். பயணத்தின்போதே மடல்களைப் படித்துக் கொச்சையை நீக்கச் சொன்னவர் அவர். ட்வெயின் அவரை ‘அம்மா’ என்றே அழைத்தார். மற்றோர் இளம்பயணியான சார்லஸ் லாங்டனின் தமக்கை ஒலிவியாவை ட்வெயின் 1870இல் மணந்தார். சக பயணிகளை இவ்வளவு கேலி செய்தவருக்கு வாழ்க்கைத்துணையே அக்கப்பல் வழியாகத்தான் வாய்த்தது.

கப்பலுக்கு வெளியே இருந்த புரவலரும் பின்னர்க் கணக்குக் கேட்கத் தவறவில்லை. மடல்கள் தமக்கே உரியவை, தாமே நூலாக்குவோம் என்றது நாளிதழ். 1868இல் ட்வெயின் சான்பிரான்சிஸ்கோ வரை சென்று பேசி உரிமையை மீட்டு வந்தார். 1869இல் வெளிவந்த ‘வெளிநாட்டில் வெள்ளந்திகள்’ முதலாண்டிலேயே எழுபதாயிரம் படிகளைத் தொட்டது. அம்முயற்சி தோற்றிருந்தால் அமெரிக்க நகைச்சுவை இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்று நாளிதழ்க் கோப்புகளிலேயே முடங்கியிருக்கும்.

இதற்குப்பின் கப்பல்களே மாறிவிட்டன. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆளின்றிக் கிடந்த ‘அகஸ்டா விக்டோரியா’வை ஆம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்தின் அல்பர்ட் பாலின் 1891 சனவரி 22இல் 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார்; 57 நாள் பயணம். உல்லாசக் கப்பற்பயணம் ஒரு தொழிலானது அதன்பின்னரே. 1905இல் அவருடைய ‘அமெரிக்கா’ கப்பலில் சீசர் ரிட்ஸின் பெயரால் தனி உணவகமே இயங்கியது. பயணி விரும்பிய நேரத்தில் விரும்பியதைக் கேட்டு உண்ணலாம். அந்நிறுவனத்தின் வருவாயில் பெரும்பங்கு கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு புலம்பெயர்ந்த ஏழைகளிடமிருந்து வந்தது என்பதை உணவுப் பட்டியல் எதுவும் சொல்லவில்லை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவியபோது, எந்த ஊருக்கும் போகாமல் கடலெல்லைக்கு அப்பால் சென்று குடித்துவிட்டுத் திரும்பும் பயணங்களும் நடந்தன. ஊர் பார்த்தல் என்னும் பாசாங்கு கூட அவற்றில் தேவைப்படவில்லை.

1929 பிப்ரவரியில் நிகழ்ந்தது இவ்வரலாற்றின் மிகத் துயரமான பயணம். ஈவ்லின் வா என்னும் ஆங்கில நாவலாசிரியர் முந்தைய ஆண்டு சூனில் மணம் புரிந்தவர். மனைவியின் பெயரும் ஈவ்லின் என்பதே. தள்ளிப்போன தேனிலவுக்காக நார்வே நாட்டின் ‘ஸ்டெல்லா போலாரிஸ்’ என்னும் வெண்ணிற உல்லாசக் கப்பலில் இருவருக்கும் கட்டணமில்லாத இடம் கிடைத்தது. கப்பலைப் பற்றி நல்லவிதமாக எழுதுவது ஒப்பந்தம். வழியிலேயே மனைவி நோயுற்றார். போர்ட் செய்து நகரில் கப்பலை விட்டிறக்கி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஊர் திரும்பிய சில திங்களில், அதாவது நூலை எழுதத் தொடங்கிய காலத்தில், அத்திருமணம் முறிந்தது.

எழுதியாக வேண்டும், கப்பலில் உண்ட கடன் இருக்கிறது. மனைவியைப் பற்றி எழுதவும் இயலாது. நாவலாசிரியர் ஒரு வழி கண்டார். 1930இல் வெளிவந்த ‘லேபில்ஸ்’ நூலில் அவர் தனியாகப் பயணம் செய்கிறார். கப்பலில் ஜெஃப்ரி, ஜூலியட் என ஓர் இளந்தம்பதி வருகின்றனர், அப்பெண் நோயில் வாடுகிறாள், கணவன் தவிக்கிறான், நூலாசிரியர் அயலாராக நின்று அவர்களைப் பார்க்கிறார். கப்பலின் தூய்மையும் பணியாளரின் நேர்த்தியும் ஒப்பந்தப்படி புகழப்படுகின்றன. அமெரிக்கப் பதிப்புக்கு ‘அயல்நாட்டில் ஒரு பிரம்மச்சாரி’ என்று தலைப்பிட்டனர். சக பயணியரைப் பற்றிய இலக்கியத்தில் இதற்கு இணையான பக்கங்கள் அரிது. கப்பலுக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டு, தம் துயரத்தை மட்டும் யார் கையிலும் அகப்படாமல் ஒளித்து வைத்தார் அவர். அதனை நேர்மைக் குறைவென்று சொல்லத் துணிவோர் சொல்லலாம். இலக்கியம் படித்தோர் சற்றுத் தயங்குவர்.

இவ்வழக்குக்குத் தீர்ப்புப் போல அமைந்தது 1995 மார்ச்சில் நடந்த மற்றொரு பயணம். ‘ஹார்ப்பர்ஸ்’ இதழ் தன் செலவில் அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸை ‘செனித்’ என்னும் கப்பலில் ஏழு இரவுக் கரீபியப் பயணத்துக்கு அனுப்பியது. உணவுக்கூடத்தில் அவருக்கு 64ஆம் எண் மேசை. அம்மேசையில் உடனுண்டவர்களில் பெரும்பாலோரை அவர் அன்போடு எழுதுகிறார்; தாக்கரேயின் ஏளனமும் ட்வெயினின் பழிப்பும் அங்கில்லை. உணவின் தரத்தையும் மறுக்கவில்லை. அவரை உறுத்தியது வேறு. பயணத் தொடக்கத்தில் தம் பையைத் தாமே தூக்கிச் சென்றார். அதற்காக லெபனான் நாட்டுச் சுமைதூக்கி ஒருவர் மேலதிகாரிகளிடம் கடுமொழி கேட்க நேர்ந்தது. பயணி சுமந்ததால் பணியாளன் குற்றவாளி. அன்று தொடங்கிய குற்றவுணர்வு கட்டுரை முழுதும் அவரை விடவில்லை. எழுத வந்தவர் என்றறிந்து ஐயுற்ற கப்பல் அதிகாரிகள், அவர் காண விரும்பிய உட்பகுதிகளைக் காட்ட மறுத்தனர்.

நிறுவனத்தின் விளம்பர ஏட்டில் ஒரு கட்டுரை இருந்தது. எழுதியவர் ஃபிராங்க் கான்ராய். சிறந்த தன்வரலாற்று நூலின் ஆசிரியர். அயோவா பல்கலைக்கழகத்தின் புகழ்வாய்ந்த எழுத்தாளர் பயிலரங்கின் தலைவர். தம் குடும்பத்தோடு சென்ற கப்பற்பயணத்தைப் பற்றி அழகிய நடையில் எழுதியிருந்தார். அது விலைக்கு எழுதப்பட்டது என்னும் குறிப்பு எங்கும் இல்லை. வாலஸ் கான்ராயின் நடையைப் பழிக்கவில்லை. அந்நடை நன்றாக இருந்ததே அவரை வருத்தியது. இலக்கியக் கட்டுரையின் உடையில் விளம்பரம் வந்து நிற்கும்போது, படிப்பவன் உண்மையான அன்பையும் ஐயுறத் தொடங்கிவிடுவான் என்பது அவர் வாதம்.

பிறகு அவர் கான்ராயையே தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். இலவசப் பயணத்துக்கும் ஊதியத்துக்குமாகத் தாம் எழுத்தை விற்றுவிட்டதாக, சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொண்டார் கான்ராய். அவ்வொப்புதலையும் வாலஸ் அப்படியே 1996 சனவரி இதழில் அச்சிட்டார். அந்த விளம்பர ஏட்டை இன்று தேடிப் பிடிப்பது கடினம். கான்ராயின் கட்டுரையைப் பற்றி அறிய விரும்புவோர் வாலஸின் பக்கங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.